கமுந்திங்கிலிருந்து கடல் காண
மோட்டார் சைக்கிள் பயணத்துக்குத் திட்டமிடும் முறை

கடற்கரைச் சாலை என்ற சொல்லைக் கேட்டதும் பலர் மனத்தில் ஒரே படம்தான் எழுகிறது. ஒரு புறம் மலை, மறு புறம் நீலக் கடல், இரண்டுக்கும் நடுவே வளைந்து செல்லும் சாலை. கலிபோர்னியாவிலும் தென் இத்தாலியிலும் அத்தகைய சாலைகள் உண்டு. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் சவுக்குத் தோப்புகளின் இடையே கடல் அவ்வப்போது தலை காட்டும்.

இப்படத்தை மனத்திற்கொண்டு கமுந்திங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்படும் இளைஞர்கள் முதல் நாளிலேயே ஏமாற்றம் அடைவதுண்டு. கமுந்திங்கிலிருந்து மலாக்கா நீரிணை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஆயினும், தெற்கு நோக்கி மணிக்கணக்கில் ஓட்டினாலும் செம்பனையும் சிறு பட்டணங்களும் மாறி மாறி வருமேயன்றிக் கடல் கண்ணில் படாது. பொறுமை இழந்தவர் வேகத்தைக் கூட்டுகிறார். இருட்டும் வேளையில் மழையில் நனைந்து, களைத்து, பழக்கமில்லாத சாலையில் வீடு திரும்புகிறார். கடலும் காணவில்லை, உயிரையும் பணயம் வைத்தாயிற்று. இதற்குக் காரணம் வண்டியன்று, திட்டம் இல்லாமையே.

நல்ல திட்டம் என்பது புறப்படும் நேரத்தையும் தங்கும் இடத்தையும் குறித்து வைப்பதோடு முடிவதன்று. போகும் நிலத்தின் இயல்பை முதலில் அறிய வேண்டும். பேராக் கடற்கரையின் இயல்பை அறிந்தவருக்குக் கடல் எங்கே காட்சி தரும், எந்த நேரத்தில் தரும் என்பது முன்னரே தெரியும். தெரிந்தவர் விரைய வேண்டியதில்லை.

கடல் ஏன் மறைந்திருக்கிறது?

கடற்கரை எவ்வாறு அமையும் என்பதை முடிவு செய்பவை மூன்று: கரையில் உள்ள பாறை, அலையின் வேகம், ஆறுகள் கொண்டுவரும் வண்டல். மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது. மேற்கே சுமத்திராத் தீவு மதில்போல் நின்று இந்துமாக்கடலின் பேரலைகளைத் தடுத்துவிடுகிறது. எனவே இக்கரையில் அலை பெரும்பாலும் சிறிதே. மறுபக்கம், மலைநாட்டில் பெய்யும் பெருமழையால் ஆறுகள் ஏராளமான மண்ணைக் கரைத்துக் கொண்டுவந்து கழிமுகங்களில் சேர்க்கின்றன. அலைக்கு வேகம் இருந்தால் அந்த வண்டலை அள்ளிச் சென்று மணலை மட்டும் விட்டுவைக்கும். வேகம் இல்லாமையால் வண்டல் அங்கேயே படிந்து சேறாகிறது.

அச்சேற்றில் வேரூன்றி வளர்பவை அலையாத்தி மரங்கள். மலாய் மொழியில் இவற்றுள் முக்கியமானவற்றைப் பாக்காவ் என்பர். மரத்தின் அடியிலிருந்து வில்போல வளைந்து இறங்கும் வேர்கள் சேற்றைப் பற்றிக்கொள்கின்றன. மேலும் வரும் வண்டலையும் தடுத்து நிறுத்துகின்றன. இவ்வாறு அமைந்ததே தைப்பிங்குக்கு மேற்கே பரந்து கிடக்கும் மாத்தாங் காடு. இதன் பரப்பு ஏறத்தாழ 40,000 ஹெக்டேர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் முறையாகப் பேணப்பட்டு வரும் இக்காடு, அலையாத்திக் காடுகளின் பராமரிப்புக்கு உலகில் முன்மாதிரியாகக் காட்டப்படுவது.

சேற்றின்மீது நெடுஞ்சாலை போட முடியாது. ஆகவே சாலை அமைத்தவர்கள் கரையிலிருந்து விலகி, உறுதியான நிலத்தில் பாதை வகுத்தனர். கடலுக்கும் சாலைக்கும் நடுவே காடும் தோட்டங்களும் நிற்கின்றன. பெருஞ்சாலையிலிருந்து கிளைச்சாலைகள் மட்டும் கழிமுகம் வரை சென்று அங்கேயே நின்றுவிடுகின்றன. சென்ற வழியே திரும்பி வரத்தான் வேண்டும். 2019ஆம் ஆண்டு முதல் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்ட மேற்குக் கரை விரைவுச் சாலைக்கும் இது பொருந்தும். பெயரில் கரை இருப்பினும் அதன் பெரும்பகுதி உள்நிலத்திலேயே ஓடுகிறது.

ஆனால் தெற்கே மஞ்சோங் மாவட்டத்தை நெருங்கும்போது நிலம் மாறுகிறது. செகாரி, லுமுட், பங்கோர்த் தீவு ஆகிய இடங்களில் கருங்கல் குன்றுகள் கடல் வரை இறங்கி வருகின்றன. கருங்கல் சிதைந்தால் மணல் கிடைக்கிறது. ஆகவே அங்கே மணற்கரையும், தெளிந்த நீரும், பாறை முனைகளும் உள்ளன. வடக்கே சேறு, தெற்கே மணல் என்று சுருக்கமாக நினைவில் வைக்கலாம். இரண்டும் கடற்கரையே, இரண்டின் அழகும் வேறு வேறு.

ஊர்ப்பெயர் தரும் குறிப்பு

இந்த வேறுபாட்டை அறிய நிலநூல் கற்க வேண்டும் என்பதில்லை. மலாய் ஊர்ப்பெயர்களே வழிகாட்டும். ‘கோலா’ என்பது கழிமுகம். ‘பாகான்’ என்பது படகுத்துறை. இப்பெயர்களோடு தொடங்கும் கரையூர்களில் சேறு, படகு, மீன், இறால், பறவை ஆகியவற்றை எதிர்பார்க்கலாம். குளிப்பதற்கு இடம் இராது. ‘பாசிர்’ என்பது மணல். ‘தெலுக்’ என்பது குடா. ‘தஞ்சோங்’ என்பது முனை. கடலோரத்தில் பாசிர், தெலுக் என்னும் பெயர் கொண்ட இடங்களில் பெரும்பாலும் கால் நனைக்க மணற்கரை கிடைக்கும். விதிவிலக்குகள் உண்டு; தெலுக் இந்தான் போன்ற ஊர் ஆற்று வளைவில் இருப்பது. ஆயினும், நிலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு இப்பெயர்களைக் குறித்துப் பார்ப்பவருக்குப் பயணத்தின் பாதி வேலை முடிந்துவிடும்.

கமுந்திங்கின் பெயருங்கூட ஒரு செடியின் பெயரே. கெமுந்திங் என்பது இளஞ்சிவப்பு மலர் பூக்கும் புதர்ச்செடி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது ஈயச் சுரங்க ஊராக விளங்கியபோது கிளியான் பாரு, அதாவது ‘புதிய சுரங்கம்’, என்று அழைக்கப்பட்டது. லாருட் போர்கள் நடந்த நிலம் இது. அன்று இங்கு தோண்டிய ஈயம் கடலை அடைய எந்த வழியில் சென்றதோ, அதே வழியே இன்று பயணத்தின் முதற்பகுதியாக அமைகிறது.

ஈயம் சென்ற வழி

தைப்பிங்கிலிருந்து மேற்கே மாத்தாங் வழியாகச் சாலை கோலா செபத்தாங்கை அடைகிறது. அவ்வூரின் பழைய பெயர் போர்ட் வெல்டு. 1885 ஜூன் முதல் நாள் மலாயாவின் முதல் ரயில் பாதை இங்கிருந்து தைப்பிங்குக்குத் திறக்கப்பட்டது. அதன் நீளம் 8 மைல். அப்பாதையை அமைக்கும் வேலைக்கு இலங்கையிலிருந்து பயனியர் படைப் பிரிவினர் வரவழைக்கப்பட்டனர். அதன் பின்னர் இந்நாட்டு ரயில்வேயில் பல தலைமுறைத் தமிழர் உழைத்தனர்; அவ்வரலாற்றின் தொடக்க இடம் இது. தண்டவாளங்கள் இன்று இல்லை. நிலையத்தின் பெயர்ப்பலகையும் பயணச்சீட்டு விற்ற கூண்டும் நினைவுச் சின்னமாக நிற்கின்றன. அப்பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்தும் உண்டு. ஓடும் வண்டியிலிருந்து பார்ப்பவருக்கு இது தென்படாது. இறங்கி நிற்க வேண்டும்.

வழியில் மாத்தாங்கில் ஙா இப்ராகிம் கோட்டை உள்ளது. 1875ஆம் ஆண்டு பாசிர் சாலாக்கில் பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பெர்ச் கொல்லப்பட்ட பின், அவ்வழக்கின் விசாரணை இங்கே நடைபெற்றது. இப்பொழுது இது அரும்பொருளகமாக உள்ளது.

கோலா செபத்தாங்கில் காண வேண்டிய மற்றொன்று கரிச்சூளை. முப்பது ஆண்டு வளர்ந்த பாக்காவ் மரங்களை வெட்டி, பட்டை உரித்து, அரைக்கோள வடிவச் சூளைகளுக்குள் நிறுத்தி வைக்கின்றனர். தீ நேரே மரத்தைத் தீண்டுவதில்லை. வெப்பம் மட்டும் உள்ளே சென்று மரத்தின் ஈரத்தை வெளியேற்றுகிறது. சூடேற்றவும் ஆறவைக்கவும் சேர்த்து ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். சூளையிலிருந்து வரும் புகையின் மணத்தையும் நிறத்தையும் கொண்டே உள்ளிருக்கும் மரத்தின் நிலையைத் தேர்ந்த தொழிலாளர்கள் அறிவர். வெட்டிய இடத்தில் மீண்டும் நாற்று நட்டு, முப்பது ஆண்டு காத்திருந்து, மறுபடி வெட்டுகின்றனர். நூறாண்டுக்கு மேலாகக் காடு அழியாமல் நின்று பயன் தருவதன் மறைபொருள் இப்பொறுமையே.

ஆற்றின் இருமருங்கும் உள்ள மரங்களில் இரவில் மின்மினிகள் கூட்டமாக ஒளிர்வதையும் படகில் சென்று காணலாம். இதனைக் கடற்கரைப் பயணத்தோடு சேர்க்காமல் வேறொரு மாலைக்கு ஒதுக்குவதே நன்று. ஊர் 22 கிலோமீட்டர்தான். இரவில் விழித்திருந்து விட்டு மறுநாள் நூறு கிலோமீட்டர் ஓட்டுவது அறிவுடைமை ஆகாது.

வடக்கே ஒரு கிளை

மாத்தாங் காட்டின் வடகோடியில் கோலா கூலா இருக்கிறது. செமாங்கோல் வழியாக இதனை அடையலாம். வடபுலத்துக் குளிருக்கு அஞ்சிப் பறந்துவரும் நீர்ப்பறவைகள் ஏறத்தாழ செப்டம்பர் முதல் மார்ச் வரை இச்சேற்று வெளிகளில் இரை தேடுகின்றன. ‘கூலா’ என்பதற்குச் சர்க்கரை என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரியான் வட்டாரம் கரும்புத் தோட்டங்களால் நிறைந்திருந்தது. அத்தோட்டங்களில் ஒப்பந்தத்தில் கட்டுண்டு உழைத்தவர்களில் தமிழர் பெருந்தொகையினர். அவ்வொப்பந்த முறை 1910ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. கரும்பின் இடத்தில் ரப்பர் வந்தது. பின்னர் செம்பனை வந்தது. பறவை காணச் செல்லும் தமிழர் இந்நிலத்தில் தம் முன்னோர் வெட்டிய வாய்க்கால்களின்மீது செல்லக்கூடும் என்பதை மறத்தலாகாது.

இன்னும் வடக்கே கோலா குராவும் தஞ்சோங் பியாண்டாங்கும் உள்ளன. இங்கே நெல்வயல்களைக் கடல்நீரிலிருந்து காக்கும் அணைக்கரையில் நின்றால் ஒரு பக்கம் பச்சை வயலும் மறுபக்கம் சேற்றுக் கடலும் ஒருங்கே தெரியும். வடக்குக் கிளை தனியே ஒரு நாளுக்குரியது. தெற்குப் பயணத்தோடு இதனையும் ஒரே நாளில் முடிக்க முயல்வது, இரண்டையும் காணாமல் விடுவதற்கு ஒப்பாகும்.

தெற்கே பெரும்பயணம்

சிம்பாங்கிலிருந்து சங்காட் ஜெரிங் சென்று, துரோங் வழியாகத் தெற்கே சென்றால் பந்தாய் ரெமிஸ் வரும். ரெமிஸ் என்பது மணலில் வாழும் ஒரு சிறு சிப்பி. மீன்பிடித் தொழிலால் வாழும் இவ்வூரின் அருகில் 1993 அக்டோபர் 21ஆம் நாள் ஓர் அரிய நிகழ்ச்சி நேர்ந்தது. கடலை ஒட்டி, கைவிடப்பட்ட திறந்தவெளி ஈயச் சுரங்கம் ஒன்று இருந்தது. சுரங்கத்துக்கும் கடலுக்கும் நடுவே நின்ற நிலம் சரிந்து விழ, கடல் உள்ளே பாய்ந்தது. சிறிது நேரத்தில் சுரங்கம் மறைந்து, ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் அகலமுள்ள புதிய குடா ஒன்று தோன்றியது. அச்சரிவு படமாகவும் எடுக்கப்பட்டது. நிலப்படத்தில் அவ்விடத்தில் கரை வட்டமாகக் குடைந்திருப்பதைக் காணலாம். மனிதன் தோண்டியதைக் கடல் ஒரே நாளில் தனதாக்கிக் கொண்ட இந்நிகழ்ச்சி, ஈயத்தால் பிறந்த கமுந்திங் மக்களுக்குச் சிறப்பாக நினைவிற்கொள்ளத் தக்கது. பழைய சுரங்கக் குட்டைகளின் விளிம்பில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்க விரும்புவோருக்கு இஃது எச்சரிக்கையுமாகும்.

பந்தாய் ரெமிசைத் தாண்டிச் செகாரியை நெருங்கும்போதுதான் குன்றும் கடலும் அருகருகே வருகின்றன. பாசிர் பாஞ்சாங் கரையில் மீன்வளத் துறையின் ஆமைக் குஞ்சு பொரிப்பகம் உள்ளது. தெலுக் செனாங்கின் மேற்கு நோக்கிய குடா. பிற்பகலில் அங்கே அமர்ந்தால் கதிரவன் கடலில் இறங்குவதை முழுமையாகக் காணலாம். பலரும் மனத்தில் தீட்டி வந்த கடற்கரைப் படம் இங்கேதான் மெய்யாகிறது.

அடுத்தது லுமுட். இதன் எதிரே உள்ள பங்கோர்த் தீவின் பெயரால் 1874 ஜனவரி 20ஆம் நாள் செய்யப்பட்ட உடன்படிக்கை, பேராக்கில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு வழி வகுத்தது. லுமுட் உள்ளிட்ட டிண்டிங்ஸ் பகுதி அதன் பின் நீரிணைக் குடியேற்றங்களோடு சேர்ந்திருந்து, 1935ஆம் ஆண்டில் மீண்டும் பேராக்குக்குத் திரும்பியது. தீவின் தெலுக் கெடுங்கில் டச்சுக்காரர் 1670ஆம் ஆண்டில் ஈய வணிகத்துக்காகக் கட்டிய கோட்டையின் சிதைவுகள் நிற்கின்றன. ஈயம் இங்கும் பின்தொடர்ந்து வருகிறது. வண்டியை லுமுட்டில் பாதுகாப்பாக நிறுத்திவிட்டுப் படகில் தீவுக்குச் சென்று வருவது ஓட்டுநருக்கு ஓய்வாகவும் அமையும்.

திரும்பும்போது வந்த வழியை விட்டு, சித்தியவான், ஆயர் தாவார், புருவாஸ் வழியாக வரலாம். கங்கா நெகாரா என்னும் பழைய அரசு புருவாஸ் வட்டாரத்தில் இருந்ததாகக் கருதுவோர் உளர். ‘செஜாரா மெலாயு’ நூலில் அவ்வரசை வென்றதாக வரும் ராஜா சூரன் என்பவரை, 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மீது படையெடுத்த சோழரின் நினைவோடு இணைத்துப் பேசுவோரும் உளர். புருவாசில் ஓர் அரும்பொருளகம் இருக்கிறது.

வீட்டு நாட்காட்டியும் கடலும்

சேற்றுக் கரையில் காட்சி முழுவதும் நீரின் ஏற்ற வற்றத்தைப் பொறுத்தது. மலாக்கா நீரிணையில் நாள்தோறும் இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் கழிகிறது. எனவே ஏற்ற நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். சனிக்கிழமை காலை 10 மணிக்கு நீர் உச்சத்தில் இருந்தால், ஞாயிறன்று அது 10.50 அளவில் இருக்கும். ஒரு நாளின் நேரம் தெரிந்தால் வாரம் முழுவதையும் கணக்கிடலாம்.

அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஏற்றமும் வற்றமும் மிகுதியாக இருக்கும். அவற்றுக்கு ஓரிரு நாள் கழித்து உச்சம் அடையும். அட்டமியை ஒட்டிக் குறைவாக இருக்கும். ஆகவே தமிழர் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே கடலின் குறிப்பேடாகவும் பயன்படும். பறவை காண விரும்புவோர் நீர் வற்றும் நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சேறு வெளிப்பட்டால்தான் பறவை இரைக்கு இறங்கும். படகில் செல்ல விரும்புவோர் ஏற்ற நேரத்தைக் கொள்ள வேண்டும். மின்மினி காண விரும்புவோருக்கு நிலவற்ற இரவே ஏற்றது.

அடுத்தது மழை. தீபகற்ப மலேசியாவில் மழை மிகுந்த ஊர் தைப்பிங். ஆண்டுக்கு ஏறத்தாழ 4000 மில்லிமீட்டர் பெய்கிறது. கடற்காற்று ஈரத்தைச் சுமந்துவந்து ஊருக்குப் பின்னால் உள்ள லாருட் மலையில் மோதி மேலெழுந்து குளிர்வதே காரணம். வெயில் ஏற ஏற இவ்வேலை நடைபெறுவதால், மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வருகிறது. ஆகவே இவ்வூர்ப் பயணி காலையிலேயே மலையடிவாரத்தை விட்டு நீங்கிவிட வேண்டும். திரும்பும் நாளிலும் நண்பகலுக்குள் வீடு சேர்வது நலம்.

மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை மிகுதி. ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாவது உச்சம். ஜனவரி, பிப்ரவரியும் ஜூன், ஜூலையும் ஒப்பளவில் வறண்டவை. ஏறத்தாழ ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியற்காலையில் நீரிணையிலிருந்து திடீரெனப் பெருங்காற்றும் மழையும் வீசுவதுண்டு. இதனைச் ‘சுமத்திரா’ என்றே கடலோடிகள் அழைப்பர். மேற்கு வானில் கருமேகம் வில்போல் எழுந்தால் ஓட்டத்தை நிறுத்தி, அது கடந்து போகும் வரை கட்டடம் ஒன்றில் ஒதுங்க வேண்டும். மரத்தடி ஆகாது. பெரும்பாலும் ஓரிரு மணிநேரத்தில் அடங்கிவிடும்.

வண்டியும் எரிபொருளும்

இப்பயணத்துக்குப் பெரிய வண்டி தேவையில்லை. தோட்டத்துப் பாதைகளில் பால்மரம் சீவச் சென்றோரையும், பள்ளிக்குப் பிள்ளைகளையும், சந்தைக்குக் காய்கறியையும் சுமந்த ‘கப்சாய்’ வண்டியே போதும். 1958ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப் இவ்வகை வண்டிகளின் மூதாதை. அதன் சிறப்பு வேகத்தில் இல்லை. சிக்கனத்திலும் உழைப்பிலும் இருக்கிறது.

ஆனால் அதன் பெட்ரோல் கலம் சிறியது. ஏறத்தாழ 4 லிட்டர் கொள்ளும் கலமும், லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓட்டமும் என்று வைத்துக்கொண்டால், நிறைத்த கலத்தில் 160 கிலோமீட்டர் செல்லலாம். பின்னால் ஒருவரும் மூட்டையும் இருந்தால் இது குறையும். எனவே கலம் பாதி குறைந்ததும் அடுத்த பட்டணத்தில் நிரப்புவது என்று விதி செய்துகொள்ள வேண்டும். கிளைச்சாலையில் நுழையும் முன் நிரப்புவது இன்னும் நன்று.

புறப்படும் முதல் நாளே டயரின் காற்றையும் தேய்மானத்தையும், பிரேக்கையும், சங்கிலியின் தளர்ச்சியையும், விளக்குகளையும் பார்த்துவிட வேண்டும். காலையில் புறப்படும்போது கண்டுபிடித்த குறை, திருத்தப்படாமலேயே பயணத்தோடு வரும்.

உயிர் பற்றிய கணக்கு

2023ஆம் ஆண்டில் மலேசியச் சாலைகளில் 6000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இந்நாட்டில் சாலையில் மாள்வோரில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. தலைக்கவசம் 1973ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது. பகலிலும் முன்விளக்கை எரிய விட வேண்டும் என்ற விதி 1992ஆம் ஆண்டில் வந்தது. பிறர் கண்ணில் படாமையால் நேரும் விபத்துகள் அதனால் குறைந்தன என்று ஆய்வாளர் கண்டனர். சட்டம் செய்ய முடிந்ததைச் செய்திருக்கிறது. எஞ்சியதைத் திட்டமே செய்ய வேண்டும்.

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒரு விநாடியில் 25 மீட்டர் கடக்கிறார். எதிரே தோட்டத்துச் சந்தியிலிருந்து லாரி ஒன்று திரும்புவதைக் கண்டு, மூளை உணர்ந்து, கை பிரேக்கைப் பற்றுவதற்கு ஒன்றரை விநாடி ஆகிறது என்போம். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்னரே அவர் 37 மீட்டருக்கு மேல் சென்றுவிடுகிறார். 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் அதே நேரத்தில் 25 மீட்டர் செல்கிறார். மோதலின் விசையோ வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவது. 60ஐ 90 ஆக்கினால் வேகம் ஒன்றரை மடங்கு. மோதும் ஆற்றல் இரண்டேகால் மடங்கு.

இவ்வேகத்தால் கிடைக்கும் ஆதாயம் என்ன? சங்காட் ஜெரிங்கிலிருந்து லுமுட் வரை உள்ள ஏறத்தாழ 80 கிலோமீட்டரை, தடையே இல்லாத சாலையில், 90இல் சென்றால் 53 நிமிடம். 60இல் சென்றால் 80 நிமிடம். மிச்சமாவது 27 நிமிடம். அரை மணி நேரம் முன்னதாக எழுந்து புறப்பட்டால் அதே மிச்சம் ஆபத்தின்றிக் கிடைக்கிறது. திட்டத்தின் பயன் இதுவே. நேரத்தைச் சாலையில் தேடக் கூடாது. வீட்டிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செம்பனைத் தோட்டச் சாலைகளுக்கெனச் சில கவனங்கள் உண்டு. லாரியிலிருந்து சிதறிய பழம் சக்கரத்தின் கீழ் வழுக்கும். தோட்டத்து மண்பாதை சாலையில் கூடும் இடத்தில் சேறு படிந்திருக்கும். நெடுநாள் வெயிலுக்குப் பின் பெய்யும் மழையின் முதற்சில நிமிடங்களில், சாலையில் படிந்த எண்ணெய் நீரோடு கலந்து மிக வழுக்கலாகும். மாடுகள் குறுக்கே வரும். கூட்டமாகச் செல்வோர் ஒருவர் பின் ஒருவராக, சற்றே இடவலமாக விலகி, முன்வண்டிக்கு இரண்டு விநாடி இடைவெளி விட்டுச் செல்ல வேண்டும். புதியவரைக் கடைசியில் விடாமல் தலைவருக்கு அடுத்ததாக நிறுத்தினால், அவர் வேகமே கூட்டத்தின் வேகமாகும். எவரும் துரத்திப் பிடிக்க வேண்டிய நிலை வாராது.

இரண்டு நாள் திட்டம்

மேற்கூறியவற்றைக் கொண்டு ஒரு திட்டத்தை வகுக்கலாம். முதல் நாள் காலை 7.30 மணிக்கு, வெளிச்சம் வந்த பின், கமுந்திங்கிலிருந்து புறப்பாடு. மாத்தாங்கில் சிறு நிறுத்தம். 9 மணிக்குள் கோலா செபத்தாங். நிலையச் சின்னமும் கரிச்சூளையும் கண்டு 11 மணிக்குத் திரும்பி, சிம்பாங்கில் பெட்ரோல். நண்பகலுக்குப் பின் பந்தாய் ரெமிசில் உணவும், வெயில் தணியும் வரை ஓய்வும். மாலை 4 மணி அளவில் தெலுக் செனாங்கின். பேராக்கில் கதிரவன் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ மாலை 7 மணிக்கும் 7.45க்கும் இடையில் மறைகிறது. மறைவு வரை இருக்க விரும்புவோர் அவ்வட்டாரத்திலேயே தங்க வேண்டும். லுமுட்டில் தங்குவோர் 6 மணிக்கே கிளம்பிவிட வேண்டும். இரண்டையும் விரும்புவோர் இருட்டில் குன்றுச் சாலையில் ஓட்ட நேரும், அது தகாது. முதல் நாள் ஓட்டம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர்.

இரண்டாம் நாள் விடியலில் பெட்ரோல் நிரப்பி, ஆயர் தாவார், புருவாஸ் வழியாகத் திரும்பினால் ஏறத்தாழ 100 கிலோமீட்டர், நண்பகலுக்குள் வீடு. பங்கோர்த் தீவையும் காண விரும்புவோர் மூன்றாம் நாள் ஒன்றைச் சேர்ப்பதே முறை. ஈப்போவிலிருந்து வருவோர் நேரே லுமுட்டில் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளலாம். எந்தச் சாலை, எங்கே தங்கல், எப்போது திரும்பல் என்பதைத் தாளில் எழுதி ஒன்றை வீட்டில் வைத்துச் செல்ல வேண்டும். தாமதம் ஆனால் வீட்டாருக்கு எங்கே தேடுவது என்று தெரியும். மழை வலுத்தால் எந்த ஊரிலிருந்து திரும்பிவிடுவது என்பதையும் முன்னரே குறித்து வைக்கலாம். சாலையில் நனைந்து நிற்கும்போது எடுக்கும் முடிவைவிட, வீட்டில் அமர்ந்து எடுத்த முடிவு நிதானமானது.

கலிபோர்னியாவின் கடற்கரைச் சாலையில் கடல் தானே வந்து கண்ணில் விழும். பேராக்கில் அதனைத் தேடிச் செல்ல வேண்டும். கழிமுகத்துக்குள் நுழைய வேண்டும், நீர் வற்றும் வரை காத்திருக்க வேண்டும், மீண்டும் வெளியே வந்து அடுத்த கழிமுகத்துக்குச் செல்ல வேண்டும். விரைபவருக்கு இக்கரை எதையும் காட்டாது. பாக்காவ் மரத்துக்கு முப்பது ஆண்டும் சூளைக்கு ஒரு மாதமும் கொடுக்கும் ஊரில், பயணிக்கு இரண்டு நாள் பெரிதன்று.